கிழக்காசிய மருந்து வேர்கள்: கடை இழுப்பறையிலிருந்து கஷாயச் சட்டி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாட்டு மருந்துக் கடையில் போய்ப் பறங்கிப்பட்டை என்று கேளுங்கள், கடைக்காரர் யோசிக்காமல் எடுத்துப் பொட்டலம் கட்டிவிடுவார். தோல் வியாதிக்குச் சித்த வைத்தியர்கள் எழுதித் தரும் சரக்குகளில் அதற்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. பெயரில் பட்டை என்று இருக்கிறது, கையில் வருவதோ ஒரு கொடியின் கிழங்கு. பறங்கி என்று இருக்கிறது, ஆனால் அதன் பிறந்த வீடு சீனப் பக்கம். 16-ம் நூற்றாண்டில் மேகப்புண் என்கிற சிபிலிஸ் நோய் கப்பலேறி ஊர் ஊராகப் பரவியபோது, அதற்கு மருந்து என்று இந்தக் கிழங்கும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. உடற்கூறு மேதை வெசாலியஸ் 1546-ல் இதைப் பற்றி ஒரு நீண்ட கடிதமே எழுதி அச்சிட்டார். கோவாவில் வைத்தியம் பார்த்த கார்சியா த ஓர்த்தா 1563-ல் அங்கேயே அச்சான தன் நூலில் 'சீன வேர்' என்று இதை விவரித்தார். நம்மிடம் அது பறங்கிப்பட்டை ஆகி, சூரணமாகி, வீட்டுப் பிள்ளை போலக் கலந்துவிட்டது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. சீன வேர்களை வாங்கிப் பணத்தையோ உடம்பையோ கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்தவரை, பெயரை நம்பித்தான் கெட்டிருக்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு செடிகள் இருக்கும். ஒரே செடி பச்சையாக ஒரு மருந்து, வேகவைத்தால் வேறு மருந்து. ஒரே வேரின் தலைக்கும் வாலுக்கும் வேறு வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் நோய்க்கு மருந்து சொல்லப் போவதில்லை. வேரைக் கண்ணால் பார்த்து, மூக்கால் முகர்ந்து, சரியாக வாங்கி, சரியாகக் காய்ச்சுவது எப்படி, எதைத் தொடவே கூடாது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே ஒரு மெடிக்கல் ஹால், அதாவது சீன மருந்துக் கடை, இருக்கிறது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், மேசை மேல் கண்ணாடி ஜாடிகள், உள்ளே நுழைந்ததும் செலரியும் மரத்தூளும் வெல்லப்பாகும் கலந்தாற்போல ஒரு வாசம். பல வருடங்களாக அந்த மேசைக்கு முன்னால் நின்று கற்றுக்கொண்டதுதான் கீழே வருவதில் பாதி.

படி 1: பெயரைச் சரிபாருங்கள்

முதலில் ஒரு விபத்தைச் சொல்லிவிடுகிறேன். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பிற்பாடு அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. மாத்திரையில் இருக்க வேண்டியது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற செடியின் வேர். இருந்தது அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி என்ற வேறொரு செடியின் வேர். தாவரக் குடும்பமே வேறு. ஆனால் சீனச் சந்தையில் இரண்டுக்கும் பெயர் 'ஃபாங்ஜி'. முன்னொட்டு மட்டும்தான் மாறும்: ஒன்று ஹான் ஃபாங்ஜி, மற்றது குவாங் ஃபாங்ஜி. அந்த ஓரசை விடுபட்டதற்குக் கொடுத்த விலை அது. அந்த இரண்டாவது வேரிலிருந்த நஞ்சுக்கு அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்று பெயர். அது உள்ள சரக்குகளைப் பல நாடுகள் பின்னர் தடை செய்தன.

ஆகவே, சீட்டில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: சீன எழுத்தில் பெயர், லத்தீன் தாவரப் பெயர், பச்சையா பக்குவம் செய்ததா என்ற விவரம். வாயால் சொல்லும் பெயர் போதாது. கடைக்காரர் கான்டனீஸில் ஒன்று சொல்வார், மாண்டரினில் அதுவே வேறு மாதிரி ஒலிக்கும், உங்கள் காதில் மூன்றாவதாக ஒன்று விழும்.

இன்னொரு பொறி 'ஷென்'. ஜின்செங்குக்குச் சீனப் பெயர் ரென்ஷென், அதாவது மனித வேர். ரெண்டு கால், ரெண்டு கை வைத்தாற்போலக் கிளை விடுவதால் அந்தப் பெயர். ஆனால் ஷென் என்று முடிவதெல்லாம் ஜின்செங் ஆகிவிடாது. தாங்ஷென் மணிப்பூக் கொடி ஒன்றின் வேர். தான்ஷென் துளசிக் குடும்பத்துச் செடி, வேர் செங்கல் நிறம். குஷென் அவரைக் குடும்பம், கசப்பு தாங்காது. நான்குக்கும் விலையும் வேறு, வேலையும் வேறு.

நாடு மாறினாலும் கவனம் தேவை. சீனாவில் தாங்குய் என்றால் ஏஞ்செலிகா சினென்சிஸ். அதே எழுத்துகளை எழுதிக்கொண்டு கொரியாவில் ஏஞ்செலிகா கிகாஸ் தருவார்கள், ஜப்பானில் ஏஞ்செலிகா அக்யூடிலோபா தருவார்கள். ஒரு நாட்டு நூலைப் படித்துவிட்டு இன்னொரு நாட்டுக் கடையில் வாங்கினால் கணக்கு உதைக்கும்.

படி 2: சூடா, குளிர்ச்சியா என்று கேளுங்கள்

இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று வளர்ந்தவர்களுக்குச் சீன வைத்தியத்தின் முதல் பாடம் பாதி தெரிந்த பாடம். ஒவ்வொரு வேருக்கும் அங்கே ஒரு தன்மை உண்டு: சூடு, வெதுவெதுப்பு, சமம், குளுமை, குளிர். கொரியச் சிவப்பு ஜின்செங் வெதுவெதுப்புப் பக்கம். அமெரிக்க ஜின்செங் குளுமைப் பக்கம். இரண்டும் ஒரே பேரினம் என்றாலும், ராத்திரி கண்விழித்து வாய் காய்ந்தவருக்கு இரண்டாவதைத்தான் கொடுப்பார்கள்.

நான் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் சிவப்பு ஜின்செங் வாங்கிய அன்றைக்கு, டீ போலத்தானே என்று ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு மாலை ஆறு மணிக்குக் காய்ச்சிக் குடித்தேன். விடியற்காலை மூன்று மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் கணக்கில் நான் குடித்தது நாலைந்து நாளைக்கானது, அதுவும் காலையில் குடிக்க வேண்டியது.

சீனாவின் மிகப் பழைய மருந்து நூலான 'ஷென்னோங் பென்ட்சாவ் ஜிங்' ஹான் காலத்தில் தொகுக்கப்பட்டது. 365 சரக்குகளை மூன்று தட்டாகப் பிரிக்கிறது: மேல்தட்டில் 120, நடுவில் 120, கீழே 125. ரென்ஷென், அதிமதுரம் மேல்தட்டு. தாங்குய், உலர்ந்த இஞ்சி நடுத்தட்டு. நாவிக் கிழங்கும் ருபார்ப் வேரும் கீழ்த்தட்டு. மேல்தட்டு தினமும் சாப்பிடக்கூடியது, கீழ்த்தட்டு வேலை முடிந்ததும் நிறுத்த வேண்டியது என்பது அந்தப் பிரிவின் சாரம். ஆயிரத்தெண்ணூறு வருடங்கள் கழித்தும் புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல எல்லைக்கோடு கிடையாது: மேல்தட்டில் தொடங்குங்கள், கீழ்த்தட்டை வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.

படி 3: ஐந்தாறு வேர்களைக் கண்ணாலும் மூக்காலும் பழகுங்கள்

நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாம் தேவையில்லை. வீட்டுச் சூப்பில் திரும்பத் திரும்ப வருபவை ஐந்தாறுதான்.

*ஜின்செங்.* முழு வேராகக் கையில் கிடைத்தால் மேலே கழுத்தைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் தண்டு காய்ந்து விழும் இடத்தில் ஒரு தழும்பு விழும். அதை எண்ணித்தான் வயதைக் கணிப்பார்கள். கொரியாவில் சிவப்பு ஜின்செங்குக்கு ஆறு வருட வேரை உயர்வாக வைப்பார்கள். பறித்துக் காயவைத்தால் வெள்ளை ஜின்செங். ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் சிவப்பு, வெட்டினால் கருப்பட்டிப் பாகு உறைந்தாற்போல ஒளி ஊடுருவும். உள்ளே ஓட்டையோ வெள்ளைத் திட்டோ இல்லாத முதல் தரத்துக்குக் கொரியாவில் 'சொன்சம்', அதாவது வானத்து ஜின்செங் என்று பெயர். அடுத்தது பூமி, அதற்கடுத்தது 'நல்லது'. டப்பாவில் 20, 30 என்று எண் இருந்தால் அது விலையோ வயதோ இல்லை, 600 கிராமுக்கு எத்தனை வேர் நிற்கும் என்ற கணக்கு. எண் குறையக் குறைய வேர் பெரிது, விலையும் பெரிது. இந்தச் சிவப்பு ஜின்செங் வியாபாரம் 1996 வரை தென்கொரியாவில் அரசாங்கத்தின் ஏகபோகமாக இருந்தது.

காட்டு ஜின்செங் என்பது தனி உலகம். சீனாவின் சாங்பாய் மலையில் வேர் தேடிப் போகிறவர்கள் செடியைக் கண்டதும் 'பாங்சுய்!' என்று கத்தி, உடனே அதன் தண்டில் சிவப்பு நூலைக் கட்டுவார்கள். கட்டாவிட்டால் மண்ணுக்குள்ளேயே ஓடிப்போய்விடும் என்பது நம்பிக்கை. கொரிய மலைகளில் 'சிம்ப்வாத்தா!' என்று கத்துவார்கள். காட்டு வேர் என்று சொல்லிக் கடைத்தெருவில் விற்பதை மட்டும் வாங்காதீர்கள். உண்மையான காட்டு வேரின் விலை நம் போன்றவர்கள் சூப்பில் போடும் விலை இல்லை.

அமெரிக்க ஜின்செங்குக்குச் சீனாவில் 'ஹுவாச்சி ஷென்', பூக்கொடி வேர் என்று பெயர். அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்கள் சீனக் கண்ணுக்குப் பூவாகத் தெரிந்திருக்கின்றன. 1784 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து சீனாவுக்குக் கிளம்பிய முதல் அமெரிக்க வணிகக் கப்பலில் சுமார் 30 டன் இந்த வேர் இருந்தது. வாயில் போட்டு மென்றால் முதலில் கசக்கும், அப்புறம் தொண்டையில் மெல்ல இனிக்கும். கடைசிவரை ஒன்றுமே தெரியாவிட்டால் பழைய சரக்கு அல்லது போலி.

*ஹுவாங்சி.* நம் ஊரில் ஐஸ் குச்சியைச் சாய்வாகச் சீவினாற்போல நீண்ட துண்டுகள். வெட்டுமுகத்தில் நடுவே மஞ்சள், ஓரம் வெள்ளை, மையத்திலிருந்து கதிர் கதிராகக் கோடு ஓடும். ஒன்றை மென்று பாருங்கள். லேசான இனிப்பும் பச்சை மொச்சையை வாயில் போட்ட வாசமும் வந்தால் சரியான சரக்கு. அவரைக் குடும்பத்துச் செடி, வாசம் காட்டிக்கொடுத்துவிடும். ஷான்சி மாநிலத்தின் ஹுன்யுவான் பக்கத்து வேருக்குப் பழைய பெயர் உண்டு.

*தாங்ஷென்.* ஜின்செங் வாங்க வசதி இல்லாதவர் அதன் இடத்தில் போடுவது. வளைத்தால் வளையும், ஒடியாது. தலைப்பக்கம் முண்டும் முடிச்சுமாகச் சிங்கப் பிடரி போல இருக்கும், இனிப்பு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் மாதாந்திரச் சரக்கு இதுதான். நேர்மையாகச் சொன்னால், சாதாரண அசதிக்கு ஜின்செங்குக்குக் கொட்டும் பணம் வீண் என்பதே என் எண்ணம்.

*தாங்குய்.* கடைக்குள் நுழையும்போது மூக்கில் ஏறும் வாசத்தில் பாதி இதுதான். கான்சு மாநிலத்து மின்சியன் இதற்குப் பேர்போன ஊர். எண்ணெய்ப் பசை உள்ள வேர். அழுத்திச் சீவினால் பட்டாம்பூச்சி சிறகு விரித்தாற்போல வில்லைகள் வரும். பழைய வழக்கப்படி தலை ரத்தத்தை நிறுத்தும், உடல் ரத்தத்தை ஊட்டும், வால் ரத்தத்தை ஓட்டும். எதை வாங்குகிறோம் என்று கேட்டு வாங்குங்கள்.

*திஹுவாங்.* ஹெனான் மாநிலத்தின் பழைய ஹுவாய்ச்சிங் பகுதியின் பெருமை. வேகவைத்துப் பக்குவம் செய்தது தார் போலக் கறுத்து, பேரீச்சம்பழம் போல ஒட்டும். இதைப் பற்றி அடுத்த படியில்.

*அதிமதுரம்.* நமக்குத் தெரிந்தது, சீனர்கள் பயன்படுத்துவது அதன் உறவுக்காரச் செடி. சீனக் கஷாயங்களில் மிக அதிகமாகத் தலைகாட்டும் வேர் இதுதான். எல்லாரையும் சமாதானப்படுத்தும் ஆள் என்று இதற்கு 'நாட்டுப் பெரியவர்' என்றொரு பட்டம் வைத்திருக்கிறார்கள்.

கோரைக்கிழங்கு, வசம்பின் உறவு, கோஷ்டம் என்று நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து வீட்டார் பலர் அந்த இழுப்பறைகளில் இருக்கிறார்கள். கோஷ்டம் இமயமலைச் சரக்கு, கடல் வழியாகக் கான்டனுக்குப் போனதால் சீனர்கள் அதைக் குவாங் மூஷியாங் என்றே அழைத்தார்கள். இப்போது யுன்னானில் பயிரிடுகிறார்கள். காட்டுக் கோஷ்டம் அழிவின் விளிம்பில் இருப்பதால் பன்னாட்டு வணிகம் தடுக்கப்பட்டிருக்கிறது.

படி 4: பக்குவம் என்ன என்று கேளுங்கள்

சித்த வைத்தியத்தில் சுத்தி என்கிறோம், அவர்கள் பாவ்ஜி என்கிறார்கள். இதை விட்டுவிட்டு வேரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

இஞ்சியையும் சுக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு இரண்டும் வேறு மருந்து என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று தோலைச் சீவச் சொன்னார்கள். சீனர்களும் பச்சை இஞ்சி ஒன்று, உலர்ந்தது ஒன்று என்று பிரித்து, தோலைத் தனிச் சரக்காகவே வைத்திருக்கிறார்கள். இஞ்சி சூடு, அதன் தோல் குளுமை என்பது அவர்கள் கணக்கு. மாஹுவாங் செடியில் இன்னும் வேடிக்கை: தண்டு வியர்வையைப் பெருக்கும், வேர் வியர்வையை நிறுத்தும்.

திஹுவாங்கைப் பச்சையாகவோ வெறுமனே உலர்த்தியோ கொடுத்தால் அது குளிர்ச்சி, உடம்புச் சூட்டைத் தணிக்க. அதையே அரிசி மதுவில் ஊறவைத்து ஒன்பது முறை ஆவியில் வேகவைத்து ஒன்பது முறை வெயிலில் காயவைத்தால் லேசான வெதுவெதுப்புக்கு மாறி, ரத்தம் ஊட்டும் மருந்தாகிறது. ஒன்பது முறை என்பது மரபு. கடைகளில் எல்லாமே ஒன்பது பார்த்தவை என்று நான் நம்புவதில்லை. வெட்டினால் நடுவரை ஒரே கறுப்பாக, நாக்கில் வைத்தால் இனிப்பாக இருக்க வேண்டும். நடுவில் பழுப்பு தெரிந்தால் அரைவேக்காடு.

நாவிக் கிழங்கில் இந்தப் பக்குவம் உயிர்ப் பிரச்சினை. நம்மிடம் வச்சநாபி, அவர்களிடம் ஃபூட்ஸ, சிச்சுவானின் ஜியாங்யோ ஊர்ச் சரக்கு. இரண்டும் அகோனைட் இனம். அதிலுள்ள அகோனிட்டின் இதயத் துடிப்பைக் குலைத்து ஆளைக் கொல்லும். நீண்ட நேரம் ஊறி, வெந்து, மறுபடி கொதிக்கும்போது அது சிதைந்து நஞ்சு பல மடங்கு குறைகிறது. பக்குவம் செய்த துண்டைக்கூட மற்றச் சரக்குக்கு முன்னால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் தனியாகக் கொதிக்கவைப்பார்கள். இதை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். வைத்தியர் சீட்டு இல்லாமல் யாராவது எடுத்துத் தந்தால் அந்தக் கடைக்கே போகாதீர்கள்.

தலைமுடி கறுக்கும் என்று இணையத்தில் கூவி விற்கும் ஹெ ஷோவு பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயருக்கே 'கருந்தலை ஹெ' என்று பொருள். நரைத்தவர்கள் ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் இந்த வேரால் கல்லீரல் கெட்ட சம்பவங்கள் பல நாடுகளில் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கறுப்பு உளுந்து போன்ற ஒரு பயறின் சாற்றில் வேகவைத்துப் பக்குவம் செய்வது மரபு. பக்குவம் செய்ததிலும் ஆபத்து முழுக்கப் போவதில்லை. முடிக்குச் சாயம் பூசுவது மலிவு.

படி 5: வாங்குவது

எடுத்ததும் வெள்ளை வெளேரென்று இருப்பதை ஒதுக்குங்கள். பூச்சி வராமலும் பார்க்கப் பளிச்சென்றும் இருக்கக் கந்தகப் புகை காட்டுவதுண்டு. அப்படிப்பட்டதை மூக்கருகே கொண்டுபோனால் தீக்குச்சி உரசிய நெடி அடிக்கும், நாக்கில் வைத்தால் புளிக்கும். இயற்கையாகக் காய்ந்த வேர் கொஞ்சம் மங்கலாக, மண் நிறத்தில்தான் இருக்கும்.

வில்லையாக வெட்டியதை வாங்கினால் வசதி, முழு வேராக வாங்கினால் உறுதி. ஜின்செங், அதன் உறவு வேரான சான்ச்சி போன்ற விலை உயர்ந்தவற்றை முழுதாகத் தேர்ந்தெடுத்து, உங்கள் கண் முன்னால் வெட்டித் தரச் சொல்லுங்கள். பொடியாக ஒருபோதும் வாங்காதீர்கள். பொடியான பிறகு எல்லா வேரும் ஒரே ஜாதி.

முதல்முறை நூறு கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். ஹுவாங்சி, தாங்ஷென் என்றால் அதுவே சில சூப்புக்கு வரும். நோய் என்று இருந்தால் கடைக்காரரிடம் யோசனை கேட்காமல் பதிவு பெற்ற வைத்தியரைப் பாருங்கள். சிங்கப்பூரில் 2000-ம் ஆண்டுச் சட்டப்படி சீன வைத்தியர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1867-ல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம், மதம் பாராமல் இலவசமாக வைத்தியம் பார்த்த இடம். நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

ஜப்பானில் நிலைமையே வேறு. அங்கே காம்போ என்ற பெயரில் டாக்டரே எழுதித் தருவார், சின்னப் பொட்டலத்தில் குருணையாக வரும், காப்பீடும் உண்டு. சளிப் பிடிக்கும்போது அவர்கள் தேடும் கக்கொன்தோ குட்ஸு வேரை முதன்மையாகக் கொண்டது. காய்ச்சும் வேலை இல்லாததால் அதைப் பற்றி இங்கே மேலும் சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயம்: 756-ல் பேரரசி கோம்யோ நாராவின் தோதாய்ஜி கோயிலுக்கு 60 மருந்துச் சரக்குகளைக் காணிக்கையாக்கினார். அவற்றில் அதிமதுரமும் ருபார்ப் வேரும் ஷோசோயின் களஞ்சியத்தில் இன்றும் இருக்கின்றன.

படி 6: வைத்துக்கொள்வது

நம் ஊர் ஈரத்துக்கு இந்த வேர்கள் பழகியவை அல்ல. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். இனிப்பு உள்ள தாங்ஷென்னில்தான் முதலில் வண்டு விழும், எண்ணெய்ப் பசை உள்ள தாங்குய் சிக்கு வாடை அடிக்கும். நாம் அரிசியில் வேப்பிலை போடுவது போல அவர்கள் சிச்சுவான் மிளகை முடிந்து போடுவதுண்டு. பூஞ்சை பிடித்ததைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்த வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

படி 7: காய்ச்சுவது

மண்சட்டி முதல் தேர்வு. பீங்கான், கண்ணாடி, எனாமல் பரவாயில்லை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் சமாளிக்கும். இரும்பும் அலுமினியமும் வேண்டாம். வேரிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கஷாயம் மை போலக் கறுத்துவிடும்.

வேரை அரிசி களைவதுபோல நாலு தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், தூசி போக ஒரு அலசு போதும். சட்டியில் போட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, வேருக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி விடுங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். இந்த ஊறலைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். உலர்ந்த வேரை நேரே கொதிநீரில் போட்டால் மேற்புறம் வெந்து இறுகிவிடும், உள்ளே இருக்கும் சத்து வெளியே வராது. ஊறிய பிறகு தொட்டுப் பாருங்கள், வளைய வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அதிலேயேதான் காய்ச்ச வேண்டும்.

பெருந்தீயில் கொதி வரட்டும். பிறகு சிறுதீ. அவர்கள் இதைப் 'போர்த் தீ', 'புலவர் தீ' என்று அழகாகப் பிரிக்கிறார்கள். ஊட்டம் தரும் வேர்களுக்குச் சிறுதீயில் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். சளிக்கான கஷாயம் என்றால் 15 நிமிடம் தாண்டக் கூடாது, வாசத்தில்தான் அதன் மருந்தே இருக்கிறது. வடித்துவிட்டு, அதே சக்கையில் மறுபடி குறைவாகத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் காய்ச்சுங்கள். இரண்டு வடிப்பையும் கலந்து, இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் வெதுவெதுப்பாகக் குடிப்பது முறை. நம் குடிநீரை எட்டுக்கு ஒன்றாக வற்ற வைப்பதோடு இதைக் குழப்ப வேண்டாம், இங்கே வற்ற வைப்பதைவிட இரண்டு முறை வடிப்பதுதான் வழக்கம்.

ஜின்செங் மட்டும் கூட்டத்தில் சேராது. மற்ற வேர்களின் சக்கை அதன் சத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று தனியே காய்ச்சுவார்கள். மூடி உள்ள பீங்கான் கிண்ணத்தில் 3 முதல் 5 கிராம் வில்லை, ஒரு தம்ளர் வெந்நீர். கிண்ணத்தைத் தண்ணீருள்ள பாத்திரத்தில் இறக்கி, இட்லி வேகவைக்கும் பதத்தில் ஒரு மணி நேரம். குடித்த பிறகு வில்லைகளை மென்று தின்றுவிடலாம், அந்த விலைக்குத் தூக்கிப் போட மனம் வராது.

படி 8: ஒரு சூப் வைத்துப் பாருங்கள்

தொடங்குவதற்கு நான் எல்லாரிடமும் சொல்வது 'தாங்குய் பூஷுவே தாங்'. லி தோங்யுவான் என்ற வைத்தியர் 1247-ல் எழுதிய நூலில் உள்ளது. இரண்டே வேர்: ஹுவாங்சி 1 லியாங், தாங்குய் 2 ச்சியென். பத்து ச்சியென் ஒரு லியாங் என்பதால் ஐந்துக்கு ஒன்று. பெயர் ரத்தத்தை ஊட்டும் தாங்குய் கஷாயம், ஆனால் உள்ளே ரத்த வேரைவிட ஐந்து மடங்கு ஹுவாங்சி, அதாவது ச்சீ வேர். ச்சீ என்ற உயிராற்றல் தேறினால்தான் ரத்தம் ஊறும் என்பது அவர் வாதம். இந்த விகிதத்தை மாற்றி மாற்றி ஹாங்காங்கில் ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர்களும் ஐந்துக்கு ஒன்றில்தான் சத்து நன்றாக இறங்குகிறது என்று கண்டார்கள்.

வீட்டுக்கு: ஹுவாங்சி 30 கிராம், தாங்குய் 6 கிராம், கொட்டை நீக்கிய செம்பேரீச்சை என்கிற சீன இலந்தை ஆறு, இஞ்சி மூன்று வில்லை, நாட்டுக்கோழி அரைக்கிலோ. கோழியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து அழுக்கு நுரையைக் கழுவிவிடுங்கள். வேர்களை முன்பே ஊறவைத்து, எல்லாவற்றையும் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். உப்பு கடைசியில். மிளகு, சீரகம் போடாதீர்கள், முதல் தடவையாவது. தாங்குய் 6 கிராமைத் தாண்டினால் சூப் கசக்கும், வீடு முழுக்க மெடிக்கல் ஹால் வாசம் அடிக்கும். நால்வருக்கு வரும்.

கொரியர்களின் சம்கேதாங் இதற்குச் சித்தப்பா மகன்: இளங்கோழி வயிற்றில் ஒட்டரிசி, பூண்டு, இலந்தை, பச்சை ஜின்செங் ஒன்று. கடுங்கோடையின் மூன்று 'போக்' நாட்களில் வேர்க்க விறுவிறுக்கச் சாப்பிடுவார்கள். சூட்டைச் சூட்டால் அடிப்பது என்ற கொள்கை. நம் ஊர் மே மாதத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 9: யார் குடிக்கக் கூடாது

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் தாங்குய், தான்ஷென், ஜின்செங் மூன்றையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தினமும் குடித்தால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பாட்டி வைத்தியம்தானே என்று நம்மவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவர் ஜின்செங் குடித்தால் சர்க்கரை அளவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், குழந்தைகள் எதையும் தாமாக எடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சை என்றால் என்னென்ன குடித்தீர்கள் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சளி, காய்ச்சல் இருக்கும்போது ஊட்ட வேர்களை நிறுத்துங்கள். வீட்டுக்குள் திருடன் இருக்கும்போது கதவைச் சாத்துவதுபோல என்பார்கள். ஜின்செங் குடிக்கும் நாளில் முள்ளங்கி கூடாது என்பதும் சீனக் கட்டுப்பாடு, ஒன்று ஏற்றும், மற்றது இறக்கும் என்று காரணம் சொல்வார்கள். அறிவியல் எப்படியோ, முள்ளங்கிச் சாம்பார் வைக்கும் அன்றைக்கு நான் ஜின்செங்கை எடுப்பதில்லை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி மோப்பம் பிடித்துவிடுவார்.

படி 10: சக்கையை என்ன செய்வது

சீனாவில் பல ஊர்களில் கஷாயம் வடித்த சக்கையைத் தெருவில் கொண்டுபோய்க் கொட்டுவது பழைய பழக்கம். போகிறவர் வருகிறவர் மிதித்தால் நோய் அவர்கள் காலோடு போய்விடும் என்று நம்பினார்கள். நாம் திருஷ்டி சுற்றி முச்சந்தியில் போடுவதைப் போலத்தான். ஆன்ட்டியின் அம்மாவும் அந்தக் காலத்தில் அப்படிக் கொட்டியிருக்கிறாராம். இங்கே அப்படிச் செய்தால் அபராதச் சீட்டு வீடு தேடி வரும். எங்கள் வீட்டுச் சக்கை பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகிறது.